அஞ்சாதே, அளந்து ஏற்று!

உன் மேசையில் இருக்கும் பவர் சப்ளையின் நெற்றியில் 30 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. உன் உள்ளங்கையில் இருக்கும் சிவப்பு லேசர் டயோடு கேட்பதோ ஏறத்தாழ 2.2 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். அந்தப் பெட்டி கொடுக்கக்கூடிய மின்னோட்டத்தில் நூற்றறுபதில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். குமிழ் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் டயோடு செத்தது. எனவே கை தயங்குகிறது. எட்டயபுரத்தில் இருக்கிறாய், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, எரிந்துபோனால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து இன்னொன்று வரவழைக்க வேண்டும். "நமக்கெதுக்குப்பா லேசரெல்லாம்?" என்று வீட்டில் ஒரு குரல் வேறு கேட்கிறது.

தம்பி, தங்கச்சி, உங்கள் இருவருக்கும்தான் சொல்கிறேன். திருப்பு. அளந்து திருப்பு.

இந்த டயோடின் முன்னால் இரண்டு பேர் தோற்றுப்போகிறார்கள். ஒருவன் அதைத் தொடுவதே இல்லை. டப்பாவில் போட்டு மூடி, படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறான். இன்னொருவன் வீரம் காட்டி நேராக பேட்டரியில் வைத்து எரித்துவிட்டு, "மட்டச் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுகிறான். ஒருவன் பயந்தவன், ஒருவன் துணிந்தவன் என்று ஊர் பேசும். எனக்கு இருவரிடமும் ஒரே குறைதான் தெரிகிறது. இருவருக்கும் அந்த டயோடின் எண் தெரியாது. எத்தனை மில்லி ஆம்பியரில் அது விழிக்கும், எத்தனையில் வேலை செய்யும், எத்தனையில் சாகும் என்ற மூன்று எண்களைத் தெரிந்துகொண்டவனுக்கு நடுங்கவும் வேண்டியதில்லை, மார்தட்டவும் வேண்டியதில்லை. அவன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பான்.

முதலில் அது எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள். அந்தப் படிகத்தில் ஒளி வெளிவரும் வாய் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் உயரமும் சில மைக்ரோமீட்டர் அகலமும் மட்டுமே. அதன் வழியே 5 மில்லிவாட் ஒளி வரும்போது, அந்த இடத்தில் ஒளியின் அடர்த்தி நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல். மின்னோட்டம் எல்லை தாண்டினால் அந்த நுண்ணிய கண்ணாடி முகம் உருகிவிடும். அதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம். உன் விரல் குமிழை விடும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். அதன் பிறகும் மங்கலாகச் சிவப்பு தெரியும். ஏமாறாதே. லேசர் போய்விட்டது, எஞ்சியிருப்பது வெறும் எல்.இ.டி.

இன்னொரு சங்கதி. டயோடு சூடானால் அது லேசராக விழிக்கத் தேவையான மின்னோட்டம் கூடும், ஒளி குறையும். ஒளி குறைந்துவிட்டதே என்று நீ குமிழைக் கூட்டுவாய். அப்புறம் ஆறியதும் அதே மின்னோட்டத்தில் ஒளி எகிறும், முகம் உருகும். மார்கழிக் காலையில் செத்த டயோடுகள் பலவற்றுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் காரணம்.

இவ்வளவு மென்மையான பொருளை நம்மைப் போன்றவர்கள் கையாள முடியுமா என்று கேட்கிறாயா? தூத்துக்குடிக் கடற்கரையைப் போய்ப் பார். 2006-இல் அங்கிருந்து இலங்கையின் கல்கிசைக்கு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், கடலடியில் ஒரு கண்ணாடி இழைக் கம்பியை இழுத்தார்கள். பாரத் லங்கா கேபிள் என்று பெயர். பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் போட்டது. நடுக்கடலில் ஒளியைப் பெருக்கிவிட ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. இந்தக் கரையில் புறப்பட்ட ஒளியே அந்தக் கரை வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஒளியைத் தந்தது லேசர் டயோடு. உன் கையில் இருப்பதன் அண்ணன்மார். அவற்றுக்கும் மின்னோட்டத்தை அளந்துதான் ஊட்டுகிறார்கள், சூட்டை நிலையாகப் பிடித்துத்தான் வைக்கிறார்கள். 1906-இல் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இதே தூத்துக்குடி–கொழும்பு தடத்துக்காகத்தான். கப்பலோட்டுவது நம் ஆட்களின் வேலையா என்று அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்தார்கள்.

பெரிய ஊர், பெரிய ஆய்வகம், பெரிய பட்டம் இருந்தால்தான் ஆகும் என்ற எண்ணத்தையும் இப்போதே இறக்கி வை. 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உலகின் முதல் லேசர் டயோடை ஏற்றியவர் ராபர்ட் ஹால். படிகத்தின் முகங்களைக் கண்ணாடியாகத் தேய்க்கும் வேலையில் அவருக்குக் கைகொடுத்தது, பள்ளிப் பருவத்தில் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்த்த பொழுதுபோக்கு. அந்த முதல் டயோடு திரவ நைட்ரஜன் குளிரில், மைனஸ் 196 டிகிரியில், விட்டுவிட்டுத்தான் எரிந்தது. சாதாரண அறை வெப்பத்தில் விடாமல் எரிய வைக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 1970-இல் லெனின்கிராடில் ஆல்ஃபெரோவின் குழுவும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பானிஷும் அதைச் சாதித்தார்கள். ஜப்பானில் ஷுஜி நகாமுரா டோக்கியோவில் படித்தவர் இல்லை. தோக்குஷிமா என்ற ஒதுக்குப்புற மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே அனான் என்ற சிறு நகரத்தில், ஒளிரும் பொடி தயாரித்துக்கொண்டிருந்த நிச்சியா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். படிகம் வளர்க்கும் உலையைத் தன் கையாலேயே பிரித்து, பற்றவைத்து, மாற்றி மாற்றிக் கட்டினார். பெரிய கம்பெனிகள் ஆகாது என்று கைவிட்ட காலியம் நைட்ரைடைப் பிடித்துக்கொண்டு 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யையும், அடுத்த சில ஆண்டுகளில் நீல லேசர் டயோடையும் ஏற்றினார். 2014-இல் நோபல் பரிசு வந்தது. அனான் எட்டயபுரத்தைவிட எந்த விதத்தில் உசத்தி?

நம் பக்கத்திலேயே பார். ராமன் விளைவைக் கண்ட நாட்களில் ராமனின் கூடவே நின்று உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது வத்திராயிருப்பில். 1928-இல் அவர்கள் கையில் லேசர் இல்லை. சூரிய ஒளியை லென்ஸால் குவித்து, நிறக் கண்ணாடியால் வடிகட்டி, திரவங்களுக்குள் பாய்ச்சிப் பார்த்தார்கள். இன்று அதே விளைவைப் பயன்படுத்தும் கருவிகளில் பலவற்றுக்குள் 785 நானோமீட்டர் லேசர் டயோடு உட்கார்ந்திருக்கிறது.

சரி, உன் மேசைக்கு வருவோம்.

எதற்கும் முன்னால் கண். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணின் லென்ஸ், உள்ளே நுழையும் கதிரை விழித்திரையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அடர்த்தியாகக் குவித்துவிடும். 1 மில்லிவாட்டுக்குக் கீழே இருந்தால் இமை கால் நொடியில் தானாக மூடிக் காப்பாற்றும். 5 மில்லிவாட் வரை போனால் கவனம் வேண்டும். அதற்கு மேலே உனக்கு இப்போது வேலை இல்லை. பழைய டி.வி.டி. ரைட்டரைப் பிரித்து அதிலிருக்கும் டயோடை எடுக்கலாம் என்று சொல்லும் காணொளிகளை ஒதுக்கு. அவை நூற்றுக்கணக்கான மில்லிவாட் தரக்கூடியவை, ஒரு முறை கண்ணில் பட்டால் மீட்சி இல்லை. 808, 980 நானோமீட்டர் என்று விற்கும் அகச்சிவப்பு டயோடுகள் இன்னும் மோசம். கதிர் கண்ணுக்குத் தெரியாது அல்லது லேசாகத்தான் தெரியும், இமை மூடாது, விழித்திரை வெந்துவிடும். கூலிங் கிளாஸ் இதற்குப் பாதுகாப்பு இல்லை. எனவே சிவப்பு, 650 நானோமீட்டர், 5 மில்லிவாட்டுக்குள். கதிர், நீ உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் மட்டத்துக்குக் கீழே போகட்டும். எதிரே மங்கலான கறுப்பு அட்டையை நிறுத்து. மேசையிலிருந்து எவர்சில்வர் தம்ளர், கைக்கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்து. தெருவில் போகும் வண்டிமீதும் வானத்தில் போகும் விமானத்தின்மீதும் கதிரை அடிப்பவன் என் பிள்ளை இல்லை.

அடுத்தது உன் உடம்பில் இருக்கும் மின்சாரம். நைலான் சட்டை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உரசி உட்கார்ந்தால் உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறியிருக்கும். உனக்கு ஒன்றும் தெரியாது, டயோடு செத்துவிடும். பருத்திச் சட்டை போடு. மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டை வாங்கு, அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார். பற்றவைக்கும் வரை டயோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சேர்த்துச் சுற்றி வை.

அப்புறம், நம் வீடுகளில் யாரும் பார்க்காத ஒன்று உண்டு. மூன்று முள் பிளக் இருக்கும், சுவருக்குள் எர்த் கம்பி இருக்காது. எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளைப் பெட்டியின் உடம்பைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டி கெபாசிட்டர்கள் வழியாக வருகிற மின்சாரம் அது. உனக்குச் சுர்ரென்பது டயோடுக்கு மரணம். பட்டறைக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டு. நூறு பாடங்களைவிட அந்த ஒரு எர்த் கம்பி உனக்கு உபயோகம்.

இப்போது பவர் சப்ளை. அதில் மின்னோட்டத்துக்கு ஒரு குமிழ் இருக்கிறதே, 30 மில்லி ஆம்பியரில் வைத்துவிட்டு மாட்டினால் போதாதா என்று கேட்பாய். போதாது. காரணத்தைக் கேள். பெட்டியின் வாயிலேயே ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. நீ 12 வோல்ட்டில் வைத்துவிட்டு டயோடை மாட்டினால், மின்னோட்டக் கட்டுப்பாடு விழித்துக்கொள்ளும் முன்பே அந்தக் கெபாசிட்டர் தன் இருப்பு முழுவதையும் டயோடுக்குள் கொட்டிவிடும். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால், டயோடு அரை நொடியில் சாப்பிட வேண்டியதை ஒரு மில்லி நொடியில் திணிக்கிறது. தவிர, 5 ஆம்பியர் வரை போகும் குமிழில் 30 மில்லி ஆம்பியரை விரலால் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. பல பெட்டிகளின் மீட்டர் 10 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகக் காட்டவே காட்டாது.

இங்கேதான் நீ உன் மூளையைக் காட்ட வேண்டும். ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை டயோடோடு வரிசையில் பற்றவை. ஒரு டீ விலைகூட ஆகாத சாமான். என்ன நடக்கிறது பார்: 5 வோல்ட் கொடுத்தால், டயோடுக்கு 2.2 போக மிச்சம் 2.8 வோல்ட் அந்த 100 ஓம்மில் விழும், ஓடுவது 28 மில்லி ஆம்பியர். அதைவிட முக்கியம், இப்போது வோல்ட் குமிழில் 0.1 கூட்டினால் மின்னோட்டம் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர்தான் கூடும். முரட்டுப் பெட்டி நுட்பமான கருவியாகிவிட்டது! இன்னொரு 1 ஓம் ரெசிஸ்டரையும் வரிசையில் சேர்த்து, அதன் இரு முனையில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வை. காட்டுகிற மில்லிவோல்ட் எண்ணே மில்லி ஆம்பியர்.

டயோடை மாட்டும் முன் ஒத்திகை பார். அதன் இடத்தில் 1N4007 டயோடு மூன்றை வரிசையாக வை, சேர்ந்து 2.1 வோல்ட் சுமாராக வரும். கூட்டு, குறை, ஸ்விட்சைப் போட்டு அணை, போட்டு அணை. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகிறது என்று பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார். எண் எங்கேயும் 30-ஐத் தாண்டித் துள்ளவில்லை என்று மீட்டரும் நீயும் ஒத்துக்கொண்ட பிறகு, பெட்டியை அணைத்து, குமிழைச் சுழிக்குக் கொண்டுவந்து, முனைகளை ஒரு தரம் ஷார்ட் செய்து கெபாசிட்டரைக் காலி பண்ணி, அப்புறம் உண்மையான டயோடை மாட்டு. ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையில் ஒருபோதும் மாட்டாதே, கழற்றாதே. அணைக்கும்போதும் குமிழ் முதலில் சுழிக்கு, ஸ்விட்ச் பிறகு.

1961 வரை தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் காலில் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனவர்கள் இடுப்பில் கயிறு இருந்தது, மேலே தோணியில் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தார். அந்தக் கயிற்றைக் கோழைத்தனம் என்று கரையில் நின்ற எவரும் சொன்னதில்லை. உன் 100 ஓம் ரெசிஸ்டர் அந்தக் கயிறு.

இப்போது ஏற்று. 3 வோல்ட்டிலிருந்து தொடங்கு. 8, 9, 10 மில்லி ஆம்பியர் என்று போகப்போக மங்கலாகச் சிவப்பு பரவும். ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் நோட்டில் ஒரு வரி எழுது. பக்கத்தில் ஒளியின் அளவு. மூன்று கால் டயோடு என்றால் பெரும்பாலும் உள்ளேயே ஓர் ஒளி உணரி இருக்கும், இல்லையென்றால் சின்ன சோலார் செல்லை ஷார்ட்டில் வைத்து அதன் மின்னோட்டத்தைப் படி. அந்த எண்களை வரைபடமாக்கினால், இருபதைத் தொடும் வாக்கில் திடீரென்று கோடு நிமிரும். அதுவரை சோம்பிக் கிடந்த ஒளி, ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் துள்ளித் துள்ளி ஏறும். அந்த முழங்கை மடங்கும் இடம்தான் லேசர் பிறக்கும் இடம். உன் டயோடின் விவரத் தாளில் போட்டிருக்கும் உச்ச எண்ணுக்குக் கீழேயே நின்றுகொள். பிளஸ் டூ செய்முறையில் பி-என் சந்தி டயோடுக்கு வரைபடம் வரைகிறோமே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இது யாரும் உனக்கு வரைந்து காட்டாத வரைபடம். உன் கையில் இருக்கும் இந்த ஒரு டயோடுக்கு, இந்த உலகத்தில் நீ மட்டும் வரைந்தது. அதைப் பார்த்த பிறகும் "என்னால் முடியுமா" என்று கேட்க உனக்கு வாய் வருமா?

எட்டயபுரத்தில் பாரதியின் அப்பா சின்னசாமி ஐயரை நினைத்துப் பார்க்கிறேன். கணக்கில் புலி, இயந்திரங்களில் அடங்காத ஆசை. 1880-களில், இந்தக் கரிசல் மண்ணில் விளைந்த பருத்திக்கு இந்த ஊரிலேயே ஆலை வைத்தார். மகன் பொறியாளன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆலை நொடித்தது, 1898-இல் மனமுடைந்து இறந்தார். மகன் கவியானது நம் பாக்கியம். ஆனால் அப்பாவின் கனவு இன்னும் இந்த ஊரில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. அச்சத்தை விரட்டிய கவிக்கு அவர் பிறந்த நாளான டிசம்பர் 11 தோறும் மாலை போடுகிறோம். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த அந்த அப்பனுக்கும் இந்த ஊரில் வாரிசு வேண்டும். தீப்பெட்டி ஆலைக்குப் போய் வரும் அம்மாவின் மகளே, அது நீயாக இருக்கக் கூடாதா? தறிக்காரர் மகனே, நீ?

வரைபடம் வந்ததும் நிரந்தரச் சுற்றைக் கட்டு. எல்.எம்.317 ரெகுலேட்டர் ஒன்று, அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 39 ஓம். 1.25 வோல்ட்டை 39-ஆல் வகுத்தால் 32 மில்லி ஆம்பியர். உன் டயோடின் தாள் குறைவாகச் சொன்னால் ரெசிஸ்டரைக் கூட்டிக்கொள். 9 வோல்ட் கொடு. நாளைக்குத் தம்பி வந்து குமிழை 30 வரை திருகினாலும் அது 32-க்கு மேல் போகாது. ஆனால் ப்ரெட்போர்டில் செய்யாதே. அட்ஜஸ்ட் கம்பி ஒரு நொடி தளர்ந்தால் முழு வோல்ட்டும் டயோடில் பாயும். பற்றவை, இழுத்துப் பார், அப்புறம் ஏற்று.

ஏற்றிவிட்டாயா? வேலைக்கு இறக்கு. உன் தலைமுடி ஒன்றைக் கதிரின் குறுக்கே ஒட்டு. இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் ஒளியும் இருளுமாகக் கோடுகள் விழும். ஒரு பக்கத்தில் இருளுக்கும் அடுத்த இருளுக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அள. 1300-ஐ அந்த எண்ணால் வகு. முடியின் தடிமன் மைக்ரோமீட்டரில் வந்துவிடும். 18.5 என்று அளந்தால் முடி 70 மைக்ரோமீட்டர்.

முடியோடு நிறுத்தாதே. ஊருக்கு வெளியே பருத்திக் காட்டுக்குப் போ. கருங்கண்ணி என்ற நாட்டு ரகத்தை இன்னும் யாராவது போட்டிருந்தால் ஒரு வெடித்த காய் கேட்டு வாங்கு. பக்கத்துக் காட்டில் நீள இழைப் பருத்தியில் ஒரு காய். ஒற்றை இழையைப் பிரித்து, முடி இருந்த இடத்தில் ஒட்டு. கோடுகள் இப்போது நன்றாக அகன்று விழும், சில நேரம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வரை. இழை முறுக்கிக் கிடப்பதால் இடத்துக்கு இடம் அளவு மாறும், அதற்காகச் சலிக்காதே. ஒரே இழையில் பல இடங்களில், பல இழைகளில் அள. எது கனம், எது மெலிது, எவ்வளவு என்று பட்டியல் போடு. மேலே தேதி எழுது, பருத்தியின் பெயர் எழுது, எந்தக் காடு என்று எழுது, அடியில் உன் கையெழுத்தைப் போட்டு, கோவில்பட்டியில் பஞ்சு வாங்குகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டு. அவர் இழையை விரலால் உருட்டித் தரம் சொல்கிறவர். அவர் சொல்வதும் உன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கேள். ஒத்துப்போகவில்லை என்றால் தலைகுனியாதே, அவர் பையிலிருந்து இன்னும் பத்து இழை வாங்கிக்கொண்டு வா.